இருபது நிமிடப் பழக்கம்

“ஹலோ… வரிசைன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?”

கடையில் இருந்ததே ஒரு ஜெராக்ஸ் மெஷின்தான். அதன் முன்னால் நின்றுகொண்டு அவள் போட்ட அதட்டலில், உள்ளே பாய்ந்து வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சட்டைக்குள் மட்டும் ஒரு ஃபைலைப் பத்திரமாக அணைத்துப் பிடித்திருந்தான்.

“தெரியும் மேடம். ஆனா இதை அஞ்சு மணிக்குள்ள ஓர் இடத்துல குடுத்தாகணும். இப்பவே நாலு இருபது…”

“எனக்கும்தான் வேலை இருக்கு.”

“அது உங்க முகத்துலயே எழுதியிருக்கே.”

“என்னன்னு?”

“ரொம்பக் கறாரான ஆளுன்னு.”

அவளுக்குத் திக்கென்றது. அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரே ‘கறார்’தான். மகளிர் மன்றத்தில் ஒன்பது வருடமாக அவள் மதிப்பீட்டாளர். பெண்களுக்குத் துணை நிற்கும் அமைப்புகள் வருடத்துக்கு ஒரு முறை மன்றத்திடம் நிதி கேட்டு எழுதும். அவற்றைப் படித்து, சலித்து, மதிப்பெண் போட்டு மன்றத்தின் முன் வைப்பது அவள் பொறுப்பு. அவள் சிவப்புப் பேனாவை எடுத்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அன்று மன்றத்து மெஷின் மக்கர் பண்ணியதால், வெற்று மதிப்பெண் தாள்களைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்திருந்தாள்.

திருப்பிக் கொடுக்க நல்ல பதிலாகத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், அவன் சாத்தாமல் விட்ட கதவு வழியே காற்று உள்ளே புகுந்தது.

அவ்வளவுதான்… அவன் தாள்கள், அவள் தாள்கள், எல்லாம் தரையில்!

இருவரும் ஒரே நேரத்தில் மண்டியிட்டார்கள். மேசைக்கடியில், நாற்காலிக்குப் பின்னால், ஆளுக்கொரு பக்கமாகப் பொறுக்கினார்கள். கடைசித் தாளுக்கு இரண்டு கைகளும் ஒன்றாக நீள, அவள் நிமிர்ந்தாள். நனைந்த இமைகளுக்குள் சிரிப்பை ஒளித்து வைத்திருக்கும் கண்கள்… இத்தனை அருகில்.

“அசையாதீங்க” என்றான்.

“ஏ… ஏன்?”

அவன் ஒற்றை விரலால் அவள் மூக்குக்கண்ணாடியின் ஓரத்தை லேசாகத் தூக்கிவிட்டான். “இடது பக்கம் சரிஞ்சிருந்துச்சு. மன்னிச்சுக்கோங்க, தொழில் பழக்கம். கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன். கோணலா எதையாவது பார்த்தா கை சும்மா இருக்காது.”

“என் கண்ணாடி கோணலா இருந்தா உங்களுக்கென்ன?”

“உங்களுக்கு உலகமே கோணலாத் தெரியுமே. அதான் வரிசை, வரிசைன்னு கத்துறீங்க.”

கோபப்பட வேண்டிய இடம். ஆனால் பாழாய்ப்போன சிரிப்பு முந்திக்கொண்டது. ஒன்பது வருடக் கறார் அந்த ஒரு நொடியில் கரைந்து ஓடியதை நல்லவேளை மன்றத்தில் யாரும் பார்க்கவில்லை.

“சரி, முதல்ல நீங்க எடுங்க” என்று விலகி நின்றாள்.

அவன் அவசர அவசரமாகப் பிரதி எடுத்தான். “எங்க அக்காவோட பேப்பர். ஊருக்கே ஒத்தாசையா நிப்பா, ஆனா ஒரு பாரம் நிரப்பச் சொன்னா அழுதுடுவா. ராத்திரி பகலா உக்காந்து நான்தான் எழுதினேன்.” பக்கங்களை எண்ணிப் பார்க்க நேரமில்லை. மணி நாலு நாற்பது. மழையோ நிற்பதாக இல்லை.

அவள் தன் குடையை நீட்டினாள். “இதைப் பிடிங்க. பேப்பர் நனைஞ்சா எழுத்து அழிஞ்சிடும்.”

“அப்ப நீங்க?”

“நான் நனைஞ்சா அழிய மாட்டேன்.”

“ஒரு கம்பி தொங்குதே…”

“ஓசியில குடுத்தா அப்படித்தான் இருக்கும்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “எங்க வந்து திருப்பித் தர்றது?”

அலுவலகத்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. முதல் சந்திப்பிலேயே முகவரி கொடுப்பதா? வீம்பு அவள் வாயை அடைத்தது. “இந்தக் கடையிலயே குடுத்து வைங்க” என்றாள். அவன் மழைக்குள் ஓடினான். தொங்கும் கம்பியோடு தன் குடை தெருமுனை திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை, மேசையில் முப்பத்தோரு விண்ணப்பங்கள். பெயர் இருக்கும் முதல் தாளை உருவிவிட்டு, வெறும் எண்ணோடுதான் மதிப்பீட்டாளருக்குக் கொடுப்பார்கள். யாருடையது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. ஒரு பக்கம் குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி. விடுபட்டதைப் பிறகு கொண்டுவந்து சேர்க்கவும் முடியாது. அந்த விதியை எழுதச் சொல்லி அடம்பிடித்ததே அவள்தான்.

இருபத்து மூன்றாம் எண். ஆறாம் பக்கத்துக்கு அடுத்து எட்டு.

சிவப்புப் பேனா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ‘முழுமையற்றது.’ மதியத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பட்டியலும் ஏறிவிட்டது.

மதியத்துக்கு மேல்தான், முந்தின நாள் எடுத்த மதிப்பெண் தாள்களைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள். நடுவில் ஒரு தாள் வேறு மாதிரி இருந்தது. கையெழுத்து. மேலே ஏழு என்று எண். ‘உங்கள் உதவி பெற்றவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து உங்களிடம் வருகிறார்கள்?’ என்ற மன்றத்தின் கேள்விக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

‘நீதிமன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ தனியே போகப் பயப்படும் பெண்களுக்கு நாங்கள் கூடப் போகிறோம். வேலை முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இந்த வருடம் அறுபத்தோரு பேர். அதில் நாற்பத்தெட்டு பேர் திரும்ப வரவில்லை. ஒருவர் போன மாதம் கடைத்தெருவில் என் அக்காவைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். அன்று முழுக்க அக்காவுக்கு ஒரே சந்தோஷம். மறக்க வேண்டியதை மறந்துவிட்டாள், இனி நன்றாக இருப்பாள் என்று சொன்னார். ஆகவே இந்தக் கேள்விக்கு எங்களால் பெரிய எண்ணைத் தர இயலவில்லை. மன்னிக்கவும்.’

அவள் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடமாக இந்தக் கேள்விக்குப் பெரிய எண்களைப் பார்த்துப் பார்த்து மதிப்பெண் போட்டவள் அவள். சின்ன எண்ணுக்குள் இப்படி ஒரு நிறைவு இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? மறுபடி படித்தாள். மறுபடியும்… ஒவ்வொரு வரியிலும் அந்த நனைந்த இமைகள் வேறு வந்து சிரித்துத் தொலைத்தன.

கோப்பு எதிரிலேயே இருந்தது. தாள் கையில் இருந்தது. சொருகிவிட்டுப் பட்டியலைத் திருத்தினால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. சொருகாவிட்டால், அடுத்த வருடம் முழுக்கப் படியேறப் பயந்து நிற்கும் பெண்களுக்குத் துணைக்கு ஆள் இருக்காது… அவள் பையில் ஒரு தாள் மாட்டிக்கொண்ட பாவத்துக்கு.

எழுந்து நேராகத் தலைவியின் அறைக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குடையை மட்டும் வேகமாகக் கடந்துபோனாள்.

மன்றத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பேசாம உள்ள வெச்சிருந்தா யாருக்கும்மா தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே, மேடம்.”

“ம்… தாள் நம்ம ஆளோட பையில இருந்ததால, சேர்க்கலாமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமை கூட்டம் முடிவு பண்ணட்டும். ஆனா நீ இனி இருபத்து மூணைத் தொடக் கூடாது. முடிவு வர்ற வரைக்கும் அவங்ககிட்ட பேசக் கூடாது.” மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார். “நடுநிலை அறிக்கை. நீ எழுதுறதைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வாசிப்பேன், ஒரு எழுத்து விடாம. யோசிச்சு எழுது.”

அடுத்த இரண்டு நாளும் பாரம் வெற்றாகவே கிடந்தது. வியாழன் மதியம், வரவேற்பில் இருப்பவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் யாரோ மணியை அழுத்த, அவளே போனாள்.

அவன்! கையில் அவள் குடை.

“நீங்க… இங்கதானா வேலை பார்க்கிறீங்க?” முகம் முழுக்க மலர்ந்தவன், பின்னாலிருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தான். மலர்ச்சி வடிந்தது. “இருபத்து மூணு எங்களுது. ஏழாம் பக்கம் இல்லைன்னு போட்டிருக்கு. என் கையால எண் போட்டு வெச்சேனே! அந்தக் கடையில விழுந்தப்ப ஒருவேளை… உங்ககிட்ட ஏதாவது வந்துச்சா?”

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை…

“மதிப்பீடு நடக்கும்போது நான் விண்ணப்பதாரர்கிட்ட பேசக் கூடாதுங்க. நாளைக்குக் கூட்டம். யார் வேணும்னாலும் வரலாம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல முடியாது.”

“பேசக் கூடாதா?” அவன் அவளையே பார்த்தான். “ரெண்டு நாளா சாயங்காலம் அந்தக் கடை வாசல்ல நின்னேன், நேர்லதான் குடுக்கணும்னு. முட்டாள்தனம், இல்ல?” குடையை மேசைமேல் வைத்தான். “அக்கா பாவம். அவளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. வர்றேன், மேடம்.”

அந்தக் கடைசி ‘மேடம்’ சுருக்கென்று தைத்தது.

குடையை விரித்துப் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்த கம்பி தன் இடத்தில் கச்சிதமாக நின்றது. மூக்குக்கண்ணாடிக்குப் போடும் குட்டித் திருகாணி ஒன்று அதில் மின்னியது.

இதற்கு மேல் வீம்பு எதற்கு? பாரத்தை எடுத்தாள், மளமளவென்று எழுதினாள், தலைவியிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மன்றக்கூடம் நிரம்பியிருந்தது. மூன்றாம் வரிசையில் அவன். பக்கத்தில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு அவன் அக்கா. இருபத்து மூன்றாம் எண் வந்ததும் தலைவி பாரத்தைக் கையில் எடுத்தார். காணாமல் போன தாள் மதிப்பீட்டாளரின் பைக்குள் கிடைத்ததைச் சொன்னதும் கூடத்தில் சலசலப்பு. அவன் சட்டென்று நிமிர்ந்தான்.

தலைவி ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தார்.

“விண்ணப்பதாரருடன் உறவு: இல்லை. விண்ணப்பதாரரின் குடும்பத்தாருடன் பழக்கம்: உண்டு. தம்பியுடன், இருபது நிமிடம். நடுநிலையாக மதிப்பிட முடியுமா: முடியாது. காரணம்: ஏழாம் பக்கத்தைப் பதினோரு முறை படித்துவிட்டேன். எழுதியவரை மறுபடியும் சந்திக்க விரும்புகிறேன்.”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்ப, அது வரிசை வரிசையாகப் பரவியது. அவன் அக்கா ஒரு முறை தம்பியைப் பார்த்தார், ஒரு முறை அவளைப் பார்த்தார், கைக்குட்டையைக் கசக்குவதை நிறுத்திவிட்டார்.

“மதிப்பீட்டாளர் வெளியே இருக்கலாம்” என்றார் தலைவி. விதி அது. காது மடல் வரை சிவக்க அவள் எழுந்து நடந்தாள். கதவு வரைக்குமான இருபதடி தூரம் இருபது மைலாகத் தெரிந்தது.

நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ‘மானம் போச்சு… நிம்மதி வந்துடுச்சு…’ ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கதவு திறந்தது.

“நீங்க ஏன் வெளிய வந்தீங்க? உள்ள முடிவு சொல்லுவாங்களே!” விதியை மறந்து அவனிடம் கேட்டுவிட்டாள்.

“அக்கா கேட்டுட்டு வருவா.” ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். “பதினோரு தடவையா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முடிவு வரும் வரை பேசக் கூடாது.

“சரி, பேசாதீங்க. நான் பேசுறேன்… நேத்து ஏதேதோ சொல்லிட்டேன். உங்க விதியைவிட என் ரோஷம் பெருசாப் போச்சு. மன்னிச்சிடுங்க. தினம் நாப்பது ஜோடிக் கண்ணைச் சோதிச்சுப் பார்க்கிறவன் நான். எந்தக் கண்ணும் என்னைத் திருப்பிச் சோதிச்சதில்ல. உங்களுது சோதிச்சிடுச்சு. அந்தக் கடையில காத்து அடிச்சப்பவே பிடிச்சுப்போச்சுங்க… ரொம்ப.”

பேச முடியாதவள் விரல்களைத் தூக்கிக் காட்டினாள். முதலில் பத்து, பிறகு இரண்டு.

“பன்னெண்டா?”

தலையாட்டினாள். அன்று காலையில் இன்னொரு முறை படித்திருந்தாள்.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்துவிட்டார். “டேய்! தாளைச் சேர்த்துட்டாங்க! ஒரு வருஷத்துக்கு நிதி உண்டுன்னு சொல்லிட்டாங்கடா! அடுத்த வருஷத்துல இருந்து அந்தக் கேள்வியையே மாத்தப் போறாங்களாம்!” கண்ணைத் துடைத்துக்கொண்டவர், இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருப்பதைக் கவனித்தார். “நல்லா உக்காந்தீங்க போ, பஸ் ஸ்டாப்புல உக்கார்ற மாதிரி!” என்று சிரித்துவிட்டு, யாருக்கோ போன் பண்ணும் சாக்கில் நகர்ந்தார்.

“முடிவு வந்தாச்சு” என்றான் அவன். “இப்பப் பேசலாமா?”

“பேசலாம்.” சொல்லிவிட்டு, அவள் வேறெதுவும் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருஷமும் அக்கா விண்ணப்பம் போடணும். அப்பவும் அந்தப் பாரம் வருமில்ல?”

“கட்டாயம் வரும். நான்தானே மதிப்பீட்டாளர்.”

“விண்ணப்பதாரருடன் உறவுன்னு ஒரு கட்டம் இருக்கே… அதுல இந்தத் தடவை மாதிரியே இல்லைன்னு எழுதிடுவீங்களா?”

அவள் அந்தக் காலி இடத்தைத் தாண்டி நகர்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடி மறுபடி இடது பக்கம் சரிந்தது. அவன் விரல் வந்து சரிசெய்யும் வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

“பொய் எழுதக் கூடாதுங்க” என்றாள் மெதுவாக. “நாத்தனார்னு எழுதிடுறேன்.”