உள்ள யாரும் இருக்கீகளா

ஏசிக் குளிரில் வண்டல் வாடை அடித்தது. நாளைக்குத் திறப்பு விழா. பெயின்ட் வாடை அடிக்கலாம், புது நாற்காலிகளின் பிளாஸ்டிக் வாடை அடிக்கலாம். மழைக்காலத்துக் கண்மாய்க்குள் காலை விட்டுக் கலக்கினால் எழும்புமே, அந்த வாடை இங்கே எதற்கு வருகிறது என்று வேலுச்சாமிக்கு விளங்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மெயின் சுவிட்ச் பெட்டியருகே போய் நின்றான்.

அந்த இடம் கண்மாயாக இருந்ததுதான். ஊரைப் புதுப்பிக்கிறோம் என்று மண்ணடித்து மூடி, பந்தாட, பாட்டுக் கச்சேரி வைக்க, கல்யாணம் நடத்த, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அரங்கமாக எழுப்பிவிட்டார்கள். மடை பார்த்த குடும்பமாயிற்றே என்று வேலுச்சாமிக்குக் காவல் வேலையும், அவன் பெண்டாட்டி ஜோதிலட்சுமிக்குத் துப்புரவு வேலையும் கிடைத்தன. கண்மாய் போனாலும் பழக்கம் போகுமா? மடையைத் திறந்தால் உள்ளே நிற்கிற ஆளைத் தண்ணீர் இழுத்துவிடும். அதனால் அவன் அப்பா ஒச்சாண்டி, திறக்குமுன் மூன்று தரம் கூவுவார். உள்ளே குளிக்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் பதில் கொடுத்து, ஏறி வந்து, கரையில் நின்று தங்கள் பேரைச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அவர் மடையில் கை வைக்கமாட்டார். மகன் இப்போது அரங்கத்தைப் பூட்டுமுன் அதேபோலக் கூவுகிறான். சூப்பர்வைசர் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும்.

"உள்ள யாரும் இருக்கீகளா?"

"இருக்கேங்க. இந்தா வாரேன். பிள்ளைக பசிச்சுக் கிடக்கும்."

மேல் வரிசையிலிருந்து ஜோதிலட்சுமி. பண்ணைப்புரத்துக்காரி, அவள் தொண்டைக்கு மைக் வேண்டியதில்லை. அவள் துடைத்துவிட்டு நகர நகர, மடக்கு நாற்காலிகள் ஒவ்வொன்றாய் எழும்பி மூடிக்கொள்ளும் சத்தம் வரிசை நெடுகப் போய்க்கொண்டிருந்தது. படக். படக். வெளியே பொழுது இருட்டிக்கொண்டு வந்தது.

"போவோமா?"

திடுக்கிட்டுத் திரும்பினான். ஜோதிலட்சுமி பக்கத்தில் நின்றாள். படிக்கட்டு வழியாக அவள் இறங்கி வந்ததை அவன் பார்க்கவில்லை. தாழக் கிடந்த ஆட்டக்களத்துப் பக்கமிருந்து வந்திருந்தாள். கண்மாயின் ஆழம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. மாப்பு போடுகிறவள் நனையாமலா இருப்பாள்? பேரைச் சொல்லு என்று கட்டின பெண்டாட்டியிடம் கேட்பதும் ஒரு கூத்தா? அவன் கேட்கவில்லை.

படக்.

மேலே இன்னொரு நாற்காலி மூடிக்கொண்டது.

"மேல வேற யாரு இருக்கா?" என்றான். வெளிச்சம் எட்டாத வரிசையைப் பார்த்து மறுபடி கூவினான்.

"உள்ள யாரும் இருக்கீகளா?"

"இருக்கேங்க. கால் நாற்காலில மாட்டிக்கிச்சு. பூட்டிறாதீக."

ஜோதியின் குரல். அச்சு அசல் ஜோதியின் குரல்.

பக்கத்தில் நின்றவள் அவன் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. "அது நானில்ல. பூட்டுங்க," என்றாள். பாவம், அவளும் பயந்துபோய்விட்டாள் என்று நினைத்தான்.

பயம் வந்தபின் அறிவு எங்கே நிற்கும்? மெயினை இறக்கினான். கும்மிருட்டு. அவளை இழுத்துக்கொண்டு ஓடினான். இல்லை, அவள்தான் அவனை இழுத்தாள். ஷட்டர். பூட்டு. சாவி.

ரோட்டு விளக்கின் அடியில்தான் மூச்சு வந்தது. மூன்றாவது கூவல் பாக்கி இருந்தது. வேண்டாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் அப்பா ஒரு நாளும் விட்டதில்லை. பதில் வராவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். திரும்பிப் போய் ஷட்டரில் வாயை வைத்தான். அவளும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"உள்ள யாரும் இருக்கீகளா?"

ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் சத்தம். நிரம்பி வழிந்து மறுகால் பாயப்போகிற கண்மாயில் கேட்கும் சத்தம். படக். படக். படக். யாரோ நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறார்கள்.

"ஜோதிலட்சுமி!" அழுகையோடு வந்தது குரல். "பேரச் சொல்லிட்டேங்க. நான் ஜோதிலட்சுமி. தண்ணி ஏறுது. தொறங்க."

குனிந்து பூட்டைப் பிடித்தான். சாவி. கையில் இல்லை. பையில் இல்லை.

பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான்.

"உன் பேரச் சொல்லு," என்றான். "ஏ புள்ள, பேரச் சொல்லு."

சொல்வதற்கு அவள் வாயைத் திறந்தாள். வண்டல் தண்ணீர் வழிந்தது. தாடையில். சேலையில். விரல்களுக்குள் அவள் இறுக்கிப் பிடித்திருந்த சாவியில்.

உள்ளே கத்துவது நின்றுபோயிற்று.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

"வாங்க," என்றாள். "பிள்ளைக பசிச்சுக் கிடக்கும்."