விற்றவர் வீட்டுத் தண்ணீர்

நிரப்பி வைத்த பானை மறுபடியும் காலியாக இருந்தது. ஃபோலி கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தான். விரிசல் இல்லை, அடியில் ஈரமும் இல்லை. வீட்டில் அவனையும் மகள் அயோகோவையும் தவிர யாரும் கிடையாது. இவ்வளவு தண்ணீரை யார் குடித்தார்கள்?

அனேஹோ என்ற துறைமுக ஊரில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே அவன் கொள்ளுத்தாத்தா கப்பல்காரர்களோடு வியாபாரம் செய்து கட்டிய மாடிவீடு அது. என்ன வியாபாரம் என்பது ஊருக்கே தெரியும். வெளியூர்க்காரர்களிடம் பனை எண்ணெய் என்று சொல்லிச் சொல்லியே ஃபோலி பாதி ஆயுளை ஓட்டிவிட்டான்.

நேற்று கழிவறைக்குக் குழி தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து, அடிமைகளின் கையில் பூட்டும் ஓர் இரும்புக் காப்பு வந்தது. அப்படி ஒன்று வந்தால், அந்த வீட்டார் வாங்கி விற்ற மனிதர்கள் தண்ணீரும் சோறும் கேட்கிறார்கள் என்று அர்த்தம். காப்பைக் கோயிலுக்குக் கொண்டுபோய், எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு, அவர்களுக்குப் படைக்க வேண்டும். அந்தக் கரையில் பழைய வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் நாளைக்கு அயோகோவைப் பெண் கேட்டு வடக்கிலிருந்து வருகிறார்கள். ஆட்களைப் பிடித்து வந்ததும் அந்த வடக்கிலிருந்துதான். உங்கள் சனங்களை விற்ற வீடு இது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. காப்பைக் காயலில் வீசிவிட்டான்.

சாயங்காலம் அக்கா காயி வந்து வாசலிலேயே நின்றாள்.

"குழியில ஏதோ கிடைச்சுதாமேடா?"

"துருப்பிடிச்ச இரும்புக்கா. காயல்ல போட்டுட்டேன்."

அவள் முகம் மாறியது. "அந்தத் துறையிலதானடா அவங்களப் படகுல ஏத்துனாங்க. மறுபடியும் அனுப்பி வெச்சிருக்க."

"கல்யாணம் முடியட்டும்க்கா, எல்லாம் செஞ்சுடறேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிப்பேன்?"

"உனக்கு உன் மூஞ்சிதான் பெருசு. நான் போய் பூசாரியம்மாவைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் பிள்ளையைத் தனியா விடாத."

அவள் போனதும் கரண்ட் போயிற்று. வடக்குக் காற்று கொண்டுவந்த புழுதி சன்னலில் மஞ்சளாகத் தேங்கி நிற்க, சேற்று நாற்றமும் பல நாள் வேர்வை நாற்றமும் கலந்து கூடத்தில் கனத்தது. சுவரோரமாக, முதலில் ஒருவர், பிறகு பலர், வறண்ட தொண்டையில் எச்சில் விழுங்கும் சத்தம் தொடர்ந்து கேட்டது. எலி என்று நினைக்கப் பார்த்தான். எலி இப்படி எச்சில் விழுங்காது, பெருமூச்சும் விடாது.

"அயோகோ?"

அவள் அறைக்கதவு மூடியே இருந்தது.

"தண்ணி வேணுமா உங்களுக்கு?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டான். "கொண்டு வரேன். இன்னைக்கு மட்டும் சத்தம் போடாம இருங்க. வெளியில தெரிய வேண்டாம்."

சொல்லி முடித்ததுமே கூசிப்போனான். இந்த வீட்டில் இதற்கு முன்னும் யாரோ அவர்களிடம் இதையே சொல்லியிருப்பார்கள்.

சத்தம் நின்றது.

மகளின் அறைக்கதவு திறந்தது. அயோகோ வந்தாள். மெதுவாக. ஒரு கையை முன்னால் நீட்டியபடி, யார் தோளையோ பிடித்துக்கொண்டு நடப்பவளாக. சன்னல் வெளிச்சத்தில் நின்றாள்.

"அம்மாடி, நான் அப்பா."

அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. வாங்க வந்தவனைப் பார்க்கும் பார்வை அது. தலையை நிமிர்த்தினாள். வாயை அகலத் திறந்தாள். பல்லைக் காட்டினாள்.

அவள் பின்னால், சுவரோரம், குந்தியிருந்த நிழல்கள் எல்லாம் தலை குனிந்தன.

அவன் கை எழுந்தது. அவன் எழுப்பவில்லை. மகளின் தாடையைப் பற்றியது. வெளிச்சத்துக்குத் திருப்பியது. கட்டைவிரல் ஒவ்வொரு பல்லாக அழுத்திப் பார்த்தது. தோளைப் பிடித்துப் பார்த்தது. முழங்கையை மடக்கிப் பார்த்தது. வேலை தெரிந்த கை.

வெட்கத்தில் கண்ணீர் வழிந்தது. கை நிற்கவில்லை.

பிறகு அவன் வாய் திறந்தது. தேர்ந்த வியாபாரியின் குரலில், விலை சொன்னது.