அளவெடுக்க நின்றவன்

மச்சான் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு நாங்கள் குடிவந்த மாலையே அவன் நின்றுகொண்டிருந்தான். என் தையல் மெஷினை இறக்கி வைத்த மூலையில். சாம்பல் நிறச் சட்டை, வலது தோள் சற்று இறக்கம். முகம் மட்டும் கலங்கலாக இருந்தது.

கண் அழுத்தம் வந்து என் இரண்டு கண்ணும் முன்பே போய்விட்டன. எதிரில் நிற்கும் மனைவி தெரியமாட்டாள். இவன் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தேன்.

"அக்கா, மாமாவுக்கு மறை கழண்டுடுச்சு. ஏதாவது ஹோம்ல சேத்துடலாம்," என்றான் மச்சான், என் முன்னாலேயே. கண் போனவனுக்குக் காதும் போய்விட்டது என்று நினைப்பு!

கண் டாக்டர் அடித்துச் சொன்னார். "பைத்தியம் இல்லம்மா. பார்வை போனா மூளை தானா படம் காட்டும். அது பேசாது, தொடாது. கை வெச்சா வெறும் காத்துதான்."

அது இவர்கள் மண்டையில் ஏறினால்தானே? பொத்தான் தைக்கக் கொடுத்தவர்கள்கூடத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். "இன்னொரு தடவ யாரோ நிக்கிறாங்கன்னு சொன்னீங்க, தம்பி சொன்னபடிதான் செய்வேன்," என்றாள் மனைவி.

ஒரு சாயங்காலம் அவள் சமையலறையில் இருந்தாள். அவன் மூலையில் நின்றான்.

வந்ததே கோபம்! "எல்லாம் உன்னாலதானேடா!" கழுத்தில் கிடந்த டேப்பை உருவினேன். வெறும் காற்றுதான் என்று கையால் தெரிந்துகொண்டு ஒழித்துக்கட்டலாம் என்று போனேன்.

டேப்பை நீட்டினேன்.

அவன் இரண்டு கையையும் தூக்கினான்.

மார்பளவு கொடுக்க வருகிறவர்கள் தூக்குவார்களே, அப்படி.

டேப் சுற்றி வந்து இறுகியது. உள்ளே விலா எலும்பு தட்டுப்பட்டது.

அதில் மூச்சு இல்லை.

"யார்கூட பேசுறீங்க?" சமையலறையிலிருந்து மனைவி.

"யார்கூடவும் இல்ல."

"நெஜமாவா? யாரும் நிக்கலையே?"

ஓடு என்று கத்தியிருக்க வேண்டும். கத்தினால் ஹோம். நல்லா பழக்கி வெச்சிருக்கீங்க என்னை, பாவிகளா!

"இல்லடி."

"அப்பாடா," என்றாள். கரண்டி மறுபடி கிளறத் தொடங்கியது.

டேப்பை விட்டுவிட்டேன். அது தரையில் விழவில்லை. அவன் அதை மெல்லச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தான்.

கரண்டிச் சத்தம் நின்றது.

"ச்சீ, விடுங்க! பின்னாடி வந்து இடுப்புக்கு டேப் போட்டுக்கிட்டு... இந்த வயசுல!"

சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

நான் மூலையில், மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.