விரல் தடிப்பு

பனியனைக் கழற்றிவிடும்போது அவள் கை அவன் முதுகில் லேசாகத்தான் பட்டது. தண்ணீர் எடுத்துவந்து பார்த்தால், பட்ட இடம் தடித்துச் சிவந்து, நாலு விரலும் அச்சு வைத்த மாதிரி எழும்பியிருந்தன. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பாம்புக்கடிக்கு வைத்தியம் முடிந்து கணவன் வீடு திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது. விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, நாள் கழித்துக்கூடக் காய்ச்சலும் மூட்டுவலியும் தடிப்பும் வரும், வந்தால் உடனே கூட்டிவா, உதடோ தொண்டையோ வீங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நேற்றிலிருந்து உடம்பெல்லாம் தடிப்பு; அவனோ கட்டிலைவிட்டு அசைய மாட்டேன் என்கிறான்.

"பாம்பே ஒண்ணும் பண்ணல. மருந்தா பண்ணிடப் போவுது?"

அவள் அவன் அண்ணனுக்குப் போன் போட்டாள். காரோடு கிளம்பிவிட்டதாகச் சொன்னார். அவர் வந்து குண்டுக்கட்டாகத் தூக்கிப் போனால்தான் உண்டு.

ஜன்னல் சாத்திய அறையில், மத்தியான வெக்கையில், புளித்த வியர்வையும் களிம்பும் தடிப்பு கிழிந்து கசிந்த நீர் காய்ந்துபோன போர்வையும் சேர்ந்து ஒரு வாடை மூக்கில் ஏறிக்கொண்டே இருக்க, அவளுடைய தையல் ஸ்கேலால் அவன் முதுகைச் சொறியும் சரக் சரக் சத்தம் ஓயாமல் கேட்டது. சொறிந்த கையோடேயே பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான். சீ! கட்டின புருஷனிடம் இப்படி அருவருப்பு காட்டலாமா என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. வந்து என்ன செய்ய? கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, அறை வாசலோடு நின்றுகொண்டாள். இனி இந்த உடம்பைத் தொட முடியாது என்று நினைத்தாள். ஒரேயடியாகப் போய்த் தொலைந்தால் தேவலை என்றும் ஒரு கணம் நினைத்தாள்.

சரக் சத்தம் நின்றது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இரண்டு கையும் போர்வைக்குள். முதுகில் புதிதாக ஒரு தடிப்பு எழும்பியது. விரல் நீளம். பக்கத்தில் இன்னொன்று. யாரும் தொடவில்லை. தடிப்புதான், டாக்டர் சொன்ன தடிப்புதான் என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். அது தோளில் ஏறியது. பிடரிக்குப் போனது.

வெளியே கார் வந்து நின்றது. கதவு தட்டும் சத்தம். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கிறது. போய்த் திறக்க வேண்டும்.

"ஏங்க, எழுந்திருங்க. அண்ணன் வந்துட்டாரு."

அவன் திரும்பினான். உதடு வீங்கிப் பளபளத்தது. கண் மூடிக்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றிப் பத்து விரல். மெல்லிய விரல். அவள் விரலின் அளவு.

"கையை எடு," என்றான். மூச்சு இழுத்தது.

அவள் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வாசல் நிலையைத்தான் பிடித்திருந்தன.

"எடுடி..."

அவன் தொண்டைக்குழியில் இரண்டு கட்டைவிரலும் இன்னும் கொஞ்சம் அழுந்தின.