இரண்டாவது குழாய்

முதல் குழாய் ஓய்ந்த பிறகும் இரண்டாவது குழாய் ஒரு பெயரைக் கூடுதலாகச் சொன்னது.

செல்லத்துரை கையிலிருந்த டீத்தம்ளரை இறக்காமல் அப்படியே நின்றான். இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களையும் ஒரே ஆம்பிளிபயரில் இணைத்தவன் அவன். ஒன்றில் வராத சத்தம் இன்னொன்றில் வராது என்பது பாக்டரி வயர்மேனுக்குத் தெரியாதா? மலையில் எதிரொலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு மிச்ச டீயைக் குடித்து முடித்தான்.

பீர்மேட்டுக்கு மேலே அந்த எஸ்டேட்டில் விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடக்கும். கணக்கப்பிள்ளை குருசாமி ஆபீஸில் மைக்கைப் பிடித்து, கூரைமேல் இருந்த முதல் குழாய் வழியாக ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்யா' என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. காய்ச்சலில் கிடப்பவருக்காக வீட்டு ஆள் ஒருவர் 'பதில் நான்' என்று சொல்லி அந்த வேலைக்குப் போகலாம். அதற்கு அவர் ஒருநாளும் மறுப்பு சொன்னதில்லை.

போன ஆடி மழையில் மலை சரிந்து, தொழிலாளர் வீட்டு வரிசைகள் இரண்டில் கீழ் லயத்தை மூடியது. பாதையும் அதோடு போயிற்று. மேல் லயத்துப் பெண்கள் ஓடையைச் சுற்றிக்கொண்டு நனைந்தபடி ஆபீஸுக்குப் போய்ப் பெரட்டில் நிற்க வேண்டியதாயிற்று. "எங்க லயத்துலயும் ஒரு குழாயைக் கட்டுங்க, ஒரு கங்காணியை நிறுத்துங்க" என்று மேனேஜரோடு மல்லுக்கட்டி அதை வாங்கியவன் செல்லத்துரைதான். சரிவின் ஓரத்தில் விழாமல் நின்ற ஒற்றை சில்வர் ஓக் மரத்தில் அதைக் கட்டியவனும் அவன்தான். மண்ணுக்குள் போனவர்களில் பாதிப் பேரை இன்னும் எடுக்கவில்லை. அதனால் யாரும் அந்த மரத்தை அண்டுவதில்லை.

"உசுரோட இருக்கிற மேனேஜருக்கே பயப்படல, செத்தவுகளுக்கா பயப்படப் போறேன்?" என்று சொல்லிவிட்டுத்தான் குழாய் கட்டிய அன்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

மறுநாளும் ஒரு பெயர் கூடுதலாக வந்தது. இந்தமுறை எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. மதலேனம்மாள். கீழ் லயத்துக்காரி, மண்ணோடு போனவள். குரல் குருசாமியுடையதுதான், ஆனால் வாய் நிறையச் சேற்றை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. ஆபீஸுக்கு ஓடிப்போய்க் கேட்டதற்கு, "நான் அந்தப் பேரைச் சொல்லவே இல்லடா" என்று குருசாமி சாமி படத்தின் மேல் கையை வைத்தார்.

அதற்கடுத்த நாள் அது குருவம்மாளைக் கூப்பிட்டது.

அவள் உயிரோடு இருந்தவள். முதல் குழாயில் தன் பெயர் வந்தபோது குரல் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி பெயர் கேட்டதும் யோசிக்காமல், "இருக்கேன்யா, எத்தன தடவ!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், செல்லத்துரையும்தான். மத்தியானம் கொழுந்து நிறுக்க அவள் வரவில்லை. தேடிப் போனபோது அவளுடைய கூடை மட்டும் சரிவின் நடுவில், சேற்றில் நிமிர்ந்து நின்றது. சுற்றிலும் காலடித் தடமே இல்லை.

அன்றிலிருந்து லயத்தில் ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதில்லை. செல்லத்துரைக்கு ஆத்திரமாக வந்தது. நாம் கேட்டு வாங்கிய குழாய், நம் ஆளையே விழுங்குவதா?

விடிந்ததும் அவன் தன் மகள் அழகுத்தாய்க்குப் பக்கத்திலேயே நின்றான். எஸ்டேட் கணக்கில் அவளுக்குப் பெயர் பதிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதுக்கூடை, புதுச்சாக்கு, குரலிலும் புதுத்தெம்பு. முதல் குழாய் ஓய்ந்தது. இரண்டாவது இருமியது.

"செல்லத்துரை மக..."

அவன் சட்டென்று அவள் வாயைப் பொத்தினான். உள்ளங்கைக்குள் அவள் உதடுகள் அசைந்தன. குழாய் கரகரத்து அடங்கியது.

"நான் சொல்லணும்னு நெனைக்கலப்பா" என்று அவள் வீட்டுக்கு வந்தும் நடுங்கினாள். "வாய் தானாத் தொறக்குது."

"வெத்தலைய வாய் நெறைய அடக்கிக்க. கதவத் தொறக்காத. அதப் பிச்சுப் போட்டுட்டு வந்துர்றேன்."

முதலில் ஆபீஸுக்குப் போய் ஆம்பிளிபயரின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினான். குருசாமி தடுக்கவில்லை. பிறகு ஏணியையும் கட்டிங் பிளேயரையும் எடுத்துக்கொண்டு சரிவுக்கு வந்தான். மத்தியானம்தான், ஆனாலும் கம்பம்மெட்டுப் பக்கமிருந்து ஏறி வந்த மூடுபனி தேயிலையையும் லயத்தையும் அவன் கால்களையும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. பச்சை மண் வாடை அடித்தது. அதற்கடியில் அழுகிய கொழுந்தின் வாடை. ஈர மரப்பட்டையில் ஏணி வழுக்கியது. பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே ஏறினான்.

இரண்டு வயரையும் நறுக்கினான். கட்டை அவிழ்த்துக் குழாயைக் கீழே தள்ளினான். அது சேற்றில் குப்புற விழுந்தது.

"இப்பக் கூப்புடு பாப்போம்!" என்று கத்தினான். அவன் குரலே அவனுக்குத் தெம்பாக இருந்தது.

இறங்கி வந்து, சரிவில் கால் வைத்துக் குழாயை உதைத்தான். சேறு உள்ளே போன குழாய். வயர் இல்லாத குழாய்.

"மதலேனம்மாள்" என்றது.

மண்ணுக்கடியிலிருந்து ஒரு குரல். "இருக்கேன்யா."

இன்னொரு பெயர். இன்னொரு குரல், இன்னும் ஆழத்திலிருந்து.

"குருவம்மாள்."

"இருக்கேன்யா."

பனி கொஞ்சம் விலகியது. சரிவில் குருவம்மாளின் கூடை தெரிந்தது. அது தனியாக இல்லை. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு கூடை, அதற்கப்பால் இன்னொன்று. பெரட்டு வரிசை. கூடைகளின் வார்கள் விறைப்பாக இருந்தன, அடியில் யாரோ தலையில் மாட்டிக்கொண்டு நிற்பதுபோல. குருவம்மாளுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்க மட்டும் இடம் காலியாக இருந்தது.

"செல்லத்துரை மக அழகுத்தாய்."

அவன் ஓடவில்லை. காலை இழுத்து இழுத்து, சேற்றைப் பிளந்துகொண்டு, அந்தக் காலியிடத்தில் போய் நின்றான். முழங்கால்வரை இறங்கியது. கட்டிங் பிளேயரை உயர்த்தினான்.

"பதில் நான்! கேட்டுதா? செல்லத்துரை! அவ வரமாட்டா. பதில் நான்!"

சத்தமில்லை. பெரட்டில் சொன்ன பதிலைக் கணக்கப்பிள்ளை ஏற்றுக்கொண்டால் அடுத்த பெயருக்குப் போவார். அதுதான் முறை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அடியில் ஏதோ ஒன்று அவன் கணுக்காலைப் பிடித்தது. பிடித்துக்கொள்ளட்டும். வேறு யாரையாவது கூப்பிடட்டும்.

குழாய் இருமியது.

"செல்லத்துரை" என்றது. "சரி."

அவன் சிரித்தேவிட்டான்.

அப்போது கூடைகள் அசைந்தன. கடைசிக் கூடை ஓர் அடி தள்ளி நின்றது. அதற்கு முந்தியது அதன் பக்கம் நகர்ந்தது. ஒவ்வொன்றாக. கடைசியில் குருவம்மாளுடையதும். அவனுக்கும் அவளுக்கும் நடுவில், சேற்றில், இன்னும் ஒரு காலியிடம்.

"அழகுத்தாய்."

"இல்ல!" என்று அலறினான். "வாயத் தொறக்காத தாயி!"

மேலே, பனிக்குள், கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு புதுக்கூடை முதுகில் உரசும் சத்தம்.

வெற்றிலை அடக்கிய வாயிலிருந்து, குழறலாக, பணிவாக, அவன் மகளின் குரல்.

"இருக்கேன்யா."