ஒரு சாண் இடம்

இவள் குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும்போது மட்டும்தான் சுவரில் அந்தச் சுரண்டும் சத்தம் கேட்டது. கை நின்றால் அதுவும் நின்றுவிடும். வரிசை வீடுகளில் நடுவீடு அது. பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான், அங்கே கரண்டி விழுந்தால் இங்கே பிள்ளை விழித்துக்கொள்ளும். ஆனால் இது கரண்டியும் இல்லை, நாற்காலி இழுபடுவதும் இல்லை. தொட்டில் உயரத்தில், ஈரச் சுண்ணாம்பு வாடையோடு, ஏதோ ஒரு நகம் மேலிருந்து கீழாகப் பொறுமையாக இறங்கிக்கொண்டே இருந்தது.

தூக்கமில்லாமல் பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. "நீ தும்மினாகூட மன்னிப்புக் கேக்கிற ஆளு, நீ எங்க சண்டை போடப்போற?" என்று கேலி செய்த கணவன், தச்சரை அழைத்துவந்தான்.

தச்சர் பழைய சுவரைத் தொடவில்லை. ஒரு சாண் தள்ளி மரச்சட்டம் நிறுத்தி, சட்டத்துக்குள் பஞ்சு அடைத்து, இரண்டடுக்கு ஜிப்சம் பலகை அறைந்தார். பின்னால் விட்ட அந்த இடைவெளிதான் சத்தத்தைத் தின்னும் என்று சொன்னார். ஊசி நுழையும் சந்துகூட இல்லாமல் ஓரமெல்லாம் பசை பூசினார். கதவு விளிம்புக்கும் ரப்பர் பட்டை.

"இனி உள்ள இடியே விழுந்தாலும் வெளிய கேக்காதும்மா."

அன்று மாலை படுத்ததும் பிள்ளை தூங்கிப்போனாள். நிம்மதியில் இவளுக்குக் கண் கலங்கியது. கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தவள், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டாள், சுத்தியல் சத்தத்துக்காக. அக்காவோ நன்றி சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நீங்க சுவரைச் சுரண்டுறதை எப்படிச் சொல்றதுன்னு நாங்களும் இத்தனை நாளா தயங்கிட்டே இருந்தோம்."

"நாங்க சுரண்டலைக்கா. உங்க பக்கம்னுதான் நாங்க..."

அக்காவின் கையிலிருந்த குவளை சாய்ந்து தண்ணீர் வெறும் தரையில் கொட்டியது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்த ஒற்றைச் செங்கலுக்குள் எலி நுழையக்கூட இடம் கிடையாது. இடம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஒரு சாண். இவளே கூலி கொடுத்துக் கட்டிவைத்தது.

ஓடினாள்.

கதவு ரப்பரோடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. தோளால் இடித்தாள். உள்ளே சுண்ணாம்பு வாடை. தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. போர்வை சூடாக இருந்தது.

பிள்ளை இல்லை.

ஜன்னல் உள்தாழ்ப்பாள் போட்டபடி. பலகையில் கீறல் இல்லை. பசை உடையவில்லை. காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அழுகை இல்லை, மூச்சு இல்லை. தச்சர் கெட்டிக்காரர்.

பலகையில் ஊன்றிய உள்ளங்கைக்குத்தான் அது தெரிந்தது. உள்ளே யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக. ஒரே சீராக.

இவள் தட்டித் தூங்கவைக்கும் அதே தாளத்தில்.