மணலுக்கடியில் மூன்று ஆடுகள்

கரீபியக் கடலில் இருக்கும் கரியாகூ தீவில் எங்கே கால் வைத்தாலும் மணல்தான். செருப்பில் மணல், படுக்கையில் மணல், சில நாள் சோளக் களியிலும் மணல். அப்படிப்பட்ட ஊருக்கு, பிள்ளைகளைப் பெட்டி மணலில் விளையாட வைப்பதற்காக வியாழக்கிழமைதோறும் கிரெனடாவிலிருந்து ஒருவர் கப்பல் ஏறி வருகிறார் என்று கேட்டதும் கெஸியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நம்ம ஊர்ல மணலுக்கா பஞ்சம்? அதுக்குப் போயி ஒரு பெட்டியாம்மா?" என்றாள்.

"புயலுக்கு அப்புறம் நீயும்தான் கதவு படார்னு அடிச்சா கட்டிலுக்கடியில போயி ஒளியுற. தம்பியக் கூட்டிக்கிட்டுப் போ. கொஞ்ச நேரமாவது உன் வாய்க்கு ஓய்வு கிடைக்கும்," என்றார் அம்மா.

கெஸியாவுக்குப் பத்து வயது. அவள் வாய் தூங்கும்போது மட்டும்தான் மூடியிருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். தம்பி ஓரின் அவளுடைய சித்தி மகன். ஏழு வயது. ஜூலை மாதப் புயலில் வின்ட்வர்ட் கிராமத்தில் இருந்த அவன் வீடு தரைமட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து அவனும் சித்தியும் கெஸியா வீட்டில்தான் இருந்தார்கள்.

அன்றிலிருந்து ஓரின் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வேண்டும் என்றால் தலையை ஆட்டுவான். பசித்தால் அடுப்புப் பக்கம் வந்து நிற்பான். அவ்வளவுதான்.

தேவாலயத்தின் பின்னறைதான் மணல் அறை. கூரை போன இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். காற்று வீசும்போதெல்லாம் அது படபடவென்று அடித்துக்கொண்டது. வெயில் அதன் வழியாக இறங்கியதில் அறை முழுவதும் நீலமாக இருந்தது.

உள்ளே நுழைந்த கெஸியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள். தட்டு முழுக்கக் குட்டிக் குட்டிப் பொருள்கள். விரல் உயர மனிதர்கள், படகுகள், திமிங்கிலம், தேவாலயம், பாம்பு, கல்யாணப் பெண், தீயணைப்பு வண்டி, டாமினோ கட்டைகள், சங்குகள், வெள்ளாடுகள். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் யாரோ சுருக்கிக் கொண்டுவந்து அடுக்கி வைத்ததுபோல் இருந்தது.

"ஆத்தாடி!" என்றாள் கெஸியா.

மேசைமேல் இரண்டு மரப்பெட்டிகள் அருகருகே இருந்தன. அவற்றில் சலித்த வெள்ளை மணல் பாதி நிரம்பியிருந்தது. அருகில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் நின்றார். கிரெனடாவிலிருந்து வரும் மிஸ் வெர்லின் அவர்தான்.

"மணலக் கொஞ்சம் ஒதுக்கிப் பாருங்க," என்றார்.

கெஸியா ஒரு விரலால் மணலில் கோடிட்டாள். பெட்டியின் அடிப்பாகம் நீலமாக மின்னியது. அவள் போட்ட கோடு ஓர் ஆறாகிவிட்டது. இரண்டு கையாலும் ஒதுக்கினாள். கடலே வந்துவிட்டது!

"இங்க ரெண்டே ரெண்டு சட்டம்தான்," என்றார் மிஸ் வெர்லின். "உன் பெட்டி உனக்கு. அடுத்தவங்க பெட்டியில கை வைக்கக்கூடாது. இது என்ன, அது ஏன்னு யாரும் யாரையும் கேக்கக்கூடாது."

"கேள்வி கேக்காம எப்படி மிஸ் பேசுறது?"

"இதுவே ஒரு கேள்விதான்," என்று சிரித்தார் அவர்.

கெஸியா அன்று ஒரு துறைமுகம் கட்டினாள். அதில் திமிங்கிலத்துக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் திருமணம் நடந்தது.

ஓரின் வெகுநேரம் தட்டுகளைப் பார்த்தபடி நின்றான். பிறகு நான்கு ஆடுகளில் மூன்றை எடுத்தான். இரண்டு வெள்ளை, ஒன்று கறுப்பு. நான்காவது ஆடு பழுப்பு நிறம். அதன்மேல் அவன் கை படவே இல்லை. பெட்டியில் நீலம் தெரியும்வரை குழி தோண்டி, மூன்று ஆடுகளையும் அதில் இறக்கி, மணலால் மூடித் தட்டினான். அதன்மேல் ஒரு சதுரப் பலகைத் துண்டை வைத்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வியாழனும் அதேதான் நடந்தது. அதற்கு அடுத்த வியாழனும் அதே மூன்று ஆடு, அதே குழி, அதே பலகை.

கெஸியாவால் பொறுக்க முடியவில்லை. மணலுக்கடியில் மூச்சு முட்டாதா? பாவம் இல்லையா அந்த ஆடுகள்? பொம்மைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை.

நான்காவது வியாழன், ஓரின் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனான். அவனுக்குக் குவளை எடுத்துக் கொடுக்க மிஸ் வெர்லின் வாசல் பக்கம் திரும்பினார். அந்த ஒரு நிமிடம் போதுமாக இருந்தது கெஸியாவுக்கு. சட்டென்று பலகையைத் தூக்கினாள். மூன்று ஆடுகளையும் தோண்டி எடுத்து, மணலை ஊதித் துடைத்து, வெளியே வரிசையாக நிறுத்தினாள்.

'தம்பி வந்து பார்த்தா சிரிப்பான்,' என்று நினைத்தாள்.

ஓரின் வந்தான். பார்த்தான். அவன் கையிலிருந்த குவளை கீழே விழுந்து உருண்டது. மேசைக்கடியில் புகுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். வாய் அகலத் திறந்திருந்தது. ஆனால் சத்தமே வரவில்லை.

அழுதிருந்தால்கூடக் கெஸியாவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மிஸ் வெர்லின் திட்டவில்லை. அவரும் தரையில் உட்கார்ந்து, அவன் காதிலிருந்து கையை எடுக்கும்வரை அசையாமல் இருந்தார். கிளம்பும்போது மட்டும், "அது அவனோட பெட்டி, கெஸியா," என்றார்.

"நான் நல்லதுக்குத்தான் மிஸ் செஞ்சேன்."

"தெரியும்மா. ஆனாலும் அது அவனோட பெட்டி."

அடுத்த வியாழன் ஓரின் வர மறுத்தான். வராந்தாத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். சித்தி கெஞ்சினாள், அம்மா புளி உருண்டை தருவதாகச் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. கெஸியாவும் போகவில்லை. எல்லாம் தன்னால் வந்த வினை என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சித்தி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கெஸியா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"சித்தி, புயலடிச்சப்போ நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?"

சித்தியின் கை கொடியிலேயே நின்றது. யார் கேட்டாலும், 'ஆண்டவர் புண்ணியத்துல தப்பிச்சோம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவள் அவள். இன்று கெஸியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள்.

"மழைத்தண்ணித் தொட்டி இருக்குல்ல, அதுக்குள்ளதான். கோடையாச்சா, முழங்காலளவுதான் தண்ணி கிடந்துச்சு. கூர பிச்சுக்கிட்டுப் போகவும் இவனத் தூக்கி உள்ள விட்டேன். ஆட்டுக்குட்டிய விட்டுட்டு இருக்க மாட்டேன்னு அழுதான். சரின்னு நாலையும் உள்ள இறக்கிட்டு, நானும் இறங்கிப் பலகைய இழுத்து மூடிக்கிட்டேன்."

"நாலா?"

"ம். நடுவுல சடார்னு காத்து நின்னுபோச்சு. ஒரு சத்தமில்ல. வெயில்கூட அடிச்சுச்சு. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு நான் பலகையத் திறந்துட்டேன். இவன், 'வேணாம்மா, வேணாம்மா'ன்னு கத்துனான். நான்தான் கேக்கல. பெப்பர்னு ஒரு குட்டி, அது தாவி வெளிய ஓடிருச்சு. அது புயலோட கண்ணுன்னு எனக்கு அப்போ ஞாபகம் வரல பாரு. கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கமிருந்து மறுபடி காத்து! முன்ன அடிச்சத விடப் பெருசு. திரும்ப மூடத்தான் நேரம் இருந்துச்சு."

"பெப்பர் என்ன நிறம் சித்தி?"

"பழுப்பு."

கெஸியாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் ஆடுகளைப் புதைக்கவே இல்லை. பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறான். கெஸியாதான் நேரம் வருமுன் அவன் மூடியைத் திறந்துவிட்டாள்.

அடுத்த வியாழன் காலையில் அவள் தன் பள்ளி ரிப்பனை எடுத்துக்கொண்டு ஓரின் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, உன் மூடிய நான் திறந்தது தப்பு. இனிமே தொடவே மாட்டேன். நம்பிக்கை இல்லன்னா இந்தா, என் கையக் கட்டிக்கோ."

மன்னித்தேன் என்று தலையாட்டுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். ஓரின் ரிப்பனை வாங்கி உண்மையிலேயே கட்டிவிட்டான். அதுவும் படகைக் கட்டுகிற முடிச்சு! படகு செய்கிற ஊரான வின்ட்வர்டின் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடச் சொல்லியா தர வேண்டும்?

கைகள் கட்டப்பட்ட கெஸியா முன்னால் நடக்க, ரிப்பன் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓரின் பின்னால் வந்தான்.

"என்ன கெஸியா, கடைசியில உன்னக் கைது பண்ணிட்டாங்களா?" என்று ரொட்டிக் கடைக்காரர் கேட்டார்.

"ஆமா. ஆனா நல்ல போலீசுதான்," என்றாள் அவள்.

மிஸ் வெர்லின் ரிப்பனைப் பார்த்தார். இது என்ன, ஏன் என்று கேட்கவில்லை. சட்டம் அவருக்கும் உண்டல்லவா?

ஓரின் தன் மூன்று ஆடுகளை எடுத்துக் குழியில் இறக்கினான். மூடினான். பலகையை வைத்தான்.

கெஸியா தட்டுக்குப் போனாள். கட்டிய கையோடு அந்தப் பழுப்பு ஆட்டைத் தூக்கினாள். ஓரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. தன் பெட்டியில் நீலம் தெரியும்வரை ஆழமாகத் தோண்டி, ஆட்டை உள்ளே படுக்க வைத்து, மணலால் மூடினாள். மேலே ஒரு டாமினோ கட்டையை வைத்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மணல் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. உள்ளே இருந்தால் பயமாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு மணி நேரம். கெஸியா ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்கு அரித்தபோதுகூடக் கையை எடுக்காமல் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

கிளம்பும் நேரத்தில் ஓரின் வந்து அவள் ரிப்பனை அவிழ்த்துவிட்டான்.

அதன் பிறகு கை கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வியாழனும் இருவரும் அவரவர் ஆடுகளை ஒளித்து வைத்து, அவரவர் மூடிக்குக் காவல் இருந்தார்கள்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸ் காற்று என்று தீவில் சொல்லும் பலத்த காற்று வீசத் தொடங்கியது. அந்த வியாழன் தார்ப்பாய் தலைக்குமேல் படபடவென்று அடித்தது. ஓரின் தன் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தான்.

காற்று நின்றது.

அவன் திறக்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டான். கெஸியாவும் மூச்சு விடாமல் இருந்தாள். இது கண். இன்னும் முடியவில்லை.

காற்று மறுபடியும் வந்தது. தார்ப்பாய் அடித்துக்கொண்டது. பிறகு மெல்ல மெல்ல அடங்கி, ஒரேயடியாக நின்றது. வெளியே ஒரு சேவல் கூவியது.

ஓரின் பலகையைத் தூக்கினான்.

ஒரு விரலால் மணலை விலக்கினான். முதல் வெள்ளை ஆட்டின் கொம்பு தெரிந்தது. அதை எடுத்துத் துடைத்து வெளியே நிறுத்தினான். பிறகு கறுப்பு. பிறகு இன்னொரு வெள்ளை. குழி இருந்த இடத்தில் இரண்டு கையாலும் மணலை ஒதுக்கி ஒதுக்கி, பெட்டியின் பாதியைக் கடலாக்கினான். நீல வெளிச்சத்தில் அந்தக் கரையில் மூன்று ஆடுகள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றன. கெஸியாவுக்குக் கண் இமைக்கத் தோன்றவில்லை. இவ்வளவு அழகான ஊரை அவள் பார்த்ததே இல்லை. மிஸ் வெர்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கெஸியா மெதுவாகத் தன் டாமினோ கட்டையை எடுத்தாள். மணலை விலக்கிப் பழுப்பு ஆட்டை வெளியே கொண்டுவந்து, தன் பெட்டியின் ஓரத்தில், ஓரின் பக்கம் பார்க்க நிறுத்தினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஓரின் அந்த ஆட்டைப் பார்த்தான். அவன் கை நீண்டது. அவள் பெட்டியின் விளிம்புக்கு வந்ததும் நின்றது.

"அக்கா," என்றான் ஓரின். குரல் துருப்பிடித்த கீல்போல் கரகரத்தது. "நான் எடுத்துக்கலாமா?"

ஐந்து மாதமாக அவளிடம் சேர்ந்து கிடந்த பேச்சு எவ்வளவோ இருந்தது. அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கெஸியா தலையை மட்டும் ஆட்டினாள்.